கடைசிப் பாத்தி உப்பு

கஸ்பாரை அடக்கம் செய்த அன்று மத்தியானம், கோயில் வளாகத்தில் ஊருக்காகக் கஞ்சி காய்ச்சியவர்கள் அண்டாவில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டதும் உள்ளேயிருந்து எலெக்ட்ரிக் கிதார் கிளம்பியது. பின்னாலேயே, செத்தவனின் குரலில், ஐஸ் கம்பெனி முதலாளியைக் கிண்டல் செய்யும் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடி, உப்பு கரைந்து தீர்ந்ததும் நின்றது. கிண்டிக்கொண்டிருந்த மரியநாயகம் துடுப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உப்புதான் பத்தல" என்றார். இன்னொரு பிடி போட்டார்கள், இன்னொரு பாட்டு வந்தது. அதிசயம் என்று அதற்குப் பேர் வைக்க சங்குமுனையில் அன்று யாருக்கும் நேரமில்லை, ஊருக்கே பந்தி போட வேண்டியிருந்தது.

பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசி, தன்னுடைய இரண்டு கைகளும் அந்த அண்டாவுக்குள்ளிருந்து டிரம் அடிப்பதைக் கேட்டான். ஒவ்வொரு பாட்டும் முடிந்து கிதார் ஓய்ந்த பிறகு கூடுதலாக ஓர் அடி விழுந்தது. அந்த அடி அவனுடையது என்பது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பந்தியில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டு, இருக்கிற இடம் நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். இஞ்ஞாசி கஞ்சியைத் தொடாமல் எழுந்து, வெறுங்காலோடு வெயிலில் நடந்து போனான்.

அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும். அரசாங்க ரேடியோ சங்குமுனைக்காரர்களுக்கு நெல் விலை சொல்லும், உரம் எப்போது போடுவதென்று சொல்லும், மிச்ச நேரத்துக்கு வீணை வாசிக்கும். கடலைத் தவிர வேறெதையும் உழுதறியாத அந்த ஜனங்கள் வேறு வழியில்லாமல் உரம் போடுவதைப் பற்றி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ரேடியோக்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த கஸ்பார்தான், ஒரு கிரேக்க மாலுமிக்கு ஒரு மூட்டை சீலாக் கருவாட்டைக் கொடுத்து கிதாரும் ராக் இசைத்தட்டுகளும் வாங்கி வந்து, யாரும் சரக்கேற்றாத மாமனாரின் பழைய தோணியில் ஒலிபரப்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி, கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிறுத்தி, விளக்கு வைக்கிற நேரத்தில் பாடத் தொடங்கினான். நிலத்தில் ரேடியோ நடத்தத்தான் லைசன்ஸ் வேண்டும், கடலுக்கு யார் பட்டா வைத்திருக்கிறார்கள் என்பது அவன் கட்சி. "இது கூப்பாடு நிலையம். கேக்குறவன் கேளு, கேக்காதவன் வலையப் பின்னு" என்று ஆரம்பிப்பான். இஞ்ஞாசி காலையில் உப்பளத்தில் உப்பு வாரிவிட்டு, சாயங்காலம் அந்தத் தோணியில் எண்ணெய்ப் பீப்பாய்களையும் கோயில் பாண்டுக்காரர்கள் கழித்துப் போட்ட மேளத்தையும் அடுக்கி வைத்து அடித்தான். ஊர் முழுக்க ஆடியது. பிடித்துப் போக வந்த ஒயர்லெஸ் அதிகாரி சிவசைலம், தோணிக்கு வந்து சேருமுன்பே குடல் வெளியே வருமளவுக்கு வாந்தியெடுத்து, கஸ்பார் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, அடுத்த மாசம் வந்து பிடிப்பதாகச் சொல்லிப் போனார். மாசாமாசம் வந்தார். மாசாமாசம் எலுமிச்சம்பழத்தோடு திரும்பிப் போனார்.

சண்டை வந்தது அந்தக் கூடுதல் அடியால்தான். பாட்டு முடிந்த பிறகும் இஞ்ஞாசியின் கை ஓர் அடி அடித்துவிட்டுத்தான் ஓயும். வேண்டுமென்றே செய்வதில்லை, கை அப்படி. ஆவணியில் ஒரு நாள், பாட்டு முடிந்து அந்த அடியும் விழுந்ததும், கஸ்பார் மைக்கிலேயே சொன்னான்: "கேட்டீகளா மக்களே, ஊரெல்லாம் முடிச்சாலும் எங்க இஞ்ஞாசி முடிக்க மாட்டான். கல்யாணம் முடிஞ்சி மாப்ள பொண்ணு தூங்கப் போனாலும் இவன் பந்தியிலதான் இருப்பான்." கரையில் ஒவ்வொரு வீட்டு ரேடியோவுக்கு முன்னாலும் சிரிப்பு வெடித்தது. தோணிவரை அது கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் இஞ்ஞாசிக்குக் கேட்டது. "இனி நீயே அடிச்சி நீயே பாடிக்கலே!" என்று குச்சிகளை எறிந்துவிட்டு அவன் கடலில் குதித்ததையும், 'தொபீர்' என்று தண்ணீர் சிதறியதையும், "லேய் மாப்ள, செருப்ப வுட்டுட்டுப் போற!" என்று கஸ்பார் கத்தியதையும் ஊரே கேட்டு, இன்னொரு முறை சிரித்தது. நீந்திக் கரையேறிய இஞ்ஞாசி அதற்குப் பிறகு அந்த நிலையத்தைக் கேட்கவில்லை, தோணிக்குப் போகவில்லை, புதுச்செருப்பும் வாங்கவில்லை. செருப்பை அவனே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று வீம்பு. அவனே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அங்கேயும் அதே வீம்பு.

புரட்டாசிக் கடைசியில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். எல்லாப் படகும் கரைக்கு வந்தன. அன்றைக்கும் கஸ்பார் தோணியில் தனியாக இருந்து ஏதோ பாடினான், ஆனால் காற்றில் எந்த வீட்டு ரேடியோவிலும் இரைச்சலைத் தவிர ஒரு சொல்கூட வரவில்லை. அந்தத் தோணியின் நங்கூரத்தை இழுக்க இரண்டு பேர் வேண்டும். எப்போதும் இரண்டு பேர் இருந்தார்கள். நங்கூரம் நன்றாகத்தான் பிடித்திருந்தது, பிடித்த பிடியை விடாமல் தோணியைக் கவிழ்த்துத் தன்னோடு எடுத்துக்கொண்டது. காற்று ஒரு சொட்டு மழைகூடக் கொண்டுவராமல் மறுநாள் காலையில் போய்விட்டது, கஸ்பாரும் கரைக்கு வரவில்லை.

கடல் உடலைத் தராவிட்டால் சங்குமுனையில் பெட்டியைக் காலியாகப் புதைப்பதில்லை. செத்தவனுடைய எடைக்கு உப்பை நிரப்புவார்கள். தராசு வைப்பதில்லை, பெண்சாதி பெட்டியின் தலைமாட்டைத் தூக்கிப் பார்த்து, "இது அவுகதான்" என்று சொல்லும்வரை அள்ளிப் போடுவார்கள். அதற்கான உப்பை இஞ்ஞாசி சுமந்து வந்தான். பழைய உப்புக் குவியல்களில் மண் கலந்திருக்கும், கஸ்பாருக்கு அது ஆகாது என்று, காற்று ஓய்ந்த காலையில் கடலோரப் பாத்தியிலிருந்து தான் வாரிய, கண் கூசும் வெள்ளை உப்பை எடுத்து வந்தான். பெட்டி நிறைய நிறைய கஸ்பாரின் மனைவி பிலோமி தூக்கித் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். பாத்தி முழுவதும் தீர்ந்து கூடையைத் தட்டிப் போட்ட பிறகுதான், "இது அவுகதான்" என்றாள்.

மறுநாளிலிருந்து சங்குமுனையில் எந்த அடுப்பங்கரையும் சும்மா இருக்கவில்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த உப்பளம், அந்தக் கோடை முழுக்கத் தன் தலைக்கு மேலே போன ஒவ்வொரு பாட்டையும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. கஸ்பார் உயிரோடிருந்தவரை அது வாய் திறக்கவில்லை, பாட ஆள் இருக்கும்போது அதற்கென்ன வேலை. இப்போது ரசத்தில் கிள்ளிப் போட்டால் நாலு வரி, குழம்பில் அள்ளிப் போட்டால் முழுப் பாட்டு. கருவாட்டுக் களத்தில் நூறு பாட்டு ஒரே நேரத்தில் கரைந்து காக்கைகள் கிட்டே வராமல், பூனைகள் பைத்தியம் பிடித்து, வேலை செய்யும் பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சைகையில் பேசினார்கள். மாமியார்கள் மருமகளின் கைப்பக்குவத்தைக் கேட்டே தெரிந்துகொண்டார்கள். ரத்தக்கொதிப்புக்கு உப்பை நிறுத்தியிருந்த கிழவர்கள், 'ஒரே ஒரு பாட்டு' என்று சொல்லிக் கஞ்சியில் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு, கிதார் சத்தத்தில் மாட்டிக்கொண்டார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் மந்திரிக்க உப்பைப் போட்டபோது, அவரைப் பற்றிய பாட்டே வந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, மெட்டு பரவாயில்லை என்றார். ஒயர்லெஸ் அதிகாரி சிவசைலமும் வந்தார், நிலத்தில் வந்ததால் வாந்தியெடுக்கவில்லை. ஒரு டம்ளர் மோரில் உப்பைப் போட்டு, பாட்டு முடியும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கம்பி இல்ல, கருவி இல்ல. மோருக்கு லைசன்ஸ் கேக்க எனக்கு அதிகாரம் கெடையாது" என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த மோரைக் குடித்தார்.

ஒரு தடவை கரைந்த பாட்டு மறுதடவை வராது என்பதும், எந்தப் பாத்தி எந்த நாட்களில் விளைந்ததோ அந்த நாட்களின் பாட்டுத்தான் அதிலிருக்கும் என்பதும் மெல்ல மெல்ல எல்லோருக்கும் புரிந்தது. பஸ் நிறுத்தத்து ஓட்டலில் ஒரு நாள் மீன்குழம்பில் உப்பைப் போட்டதும், "லேய் மாப்ள, செருப்ப வுட்டுட்டுப் போற!" என்று கஸ்பார் கத்த, 'தொபீர்' என்ற சத்தமும் வந்தது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இஞ்ஞாசி டம்ளரை வைத்துவிட்டு நேராக உப்பளத்துக்குப் போனான்.

அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடைசியில் கஸ்பார் தன்னைத் திட்டிக்கொண்டே போனானா, இல்லையா? நங்கூரக் கயிற்றைப் பிடிக்க ஆளில்லாமல் நின்றபோது என்ன நினைத்தான் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் என்ன பாடினான் என்பது எங்கேயோ ஓர் உப்புக்கல்லில் இருக்கும். தான் தோணியில் இல்லாத அந்த நாட்களின் உப்பையெல்லாம் இஞ்ஞாசி தேடிப்பிடித்து, ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுப் போட்டுக் கேட்டான். எல்லாவற்றிலும் கிதார் மட்டும்தான். டிரம்முக்கு இடமே இல்லாமல், மூச்சு விடாமல், நீ இல்லாவிட்டால் எனக்கென்ன என்று வேகவேகமாக வாசித்திருந்தான் கஸ்பார். இஞ்ஞாசியின் பேரை ஒரு நாள்கூட எடுக்கவில்லை. ஒவ்வொரு சட்டித் தண்ணீரையும் வரப்பில் கொட்டிவிட்டு இஞ்ஞாசி அங்கேயே உட்கார்ந்திருந்தான். கடைசி நாளின் உப்பு மட்டும் கிடைக்கவில்லை. அது எந்தப் பாத்தி, யார் வாரியது, எங்கே போனது என்று யோசித்துக்கொண்டே வந்தவன், கடலோரப் பாத்தியின் வெறும் தரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். அதைத் தன் தலையிலேயே சுமந்து போய், தன் கையாலேயே பெட்டிக்குள் கொட்டியிருந்தான்.

பிலோமி வீட்டில் மட்டும் சத்தமில்லை. அவள் உப்பில்லாமல் சமைத்து உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இஞ்ஞாசி வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னான்.

"ஒரே ஒரு கை உப்பு மைனி. பெட்டியத் தொறந்து ஒரு கை எடுத்துட்டு மூடிருவேன். சாமியாரு, மைனி சரின்னா சரிங்காரு."

பிலோமி முறத்திலிருந்து நிமிரவில்லை. "ஒருக்கப் பொதச்சவுகள ரெண்டாந்தரம் பொதைக்க எனக்குத் தெம்பில்ல தம்பி."

"அவன் என்ன பாடுனான்னு தெரியாம என்னால இருக்க முடியல மைனி. சோறு எறங்கல."

"உமக்கு ஒரு பாட்டுதான் கொறையுது" என்றாள் பிலோமி. "எனக்கு என்ன கொறையுதுன்னு இந்த ஊருல எவனாவது கேட்டானா? வீட்டுக்கு வீடு அவுகளக் கரைச்சிக் குடிக்கிய. ஒவ்வொரு நாளும் ஒலை கொதிக்கிற நேரத்துல, இந்த வீட்டுல ஒரு பாட்டு, அந்த வீட்டுல ஒரு பாட்டுன்னு அவுக தீந்துக்கிட்டே போறாவ. மண்ணுக்குள்ள இருக்கதாவது அப்படியே கெடக்கட்டும். அத நான் குடுக்க மாட்டேன்."

அவள் சொன்னது சரி என்று இஞ்ஞாசிக்கே பட்டது. திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து அவள் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது. "மழ வந்தா என்ன பண்ணன்னுதான் எனக்கும் தெரியல."

அதுதான் விஷயம். கல்லறைத் தோட்டம் வெறும் மணல். நல்ல மழை ஒன்று பெய்தால் தண்ணீர் பெட்டிவரை இறங்கும், உப்பு கரையும், பாட்டு ஒரே ஒரு தடவை பாடிவிட்டுப் போய்விடும். தார்ப்பாய் போட்டு மூடலாம் என்று பிலோமிக்காகச் சிலர் சொன்னார்கள். மழையை எத்தனை வருஷத்துக்குத் தார்ப்பாயால் நிறுத்த முடியும் என்று அவளே வேண்டாமென்றுவிட்டாள். ஐப்பசி முழுக்க வானம் ஏய்த்தது. கல்லறைத் திருநாளன்று எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்றபோது ஈரக்காற்று ஒன்று மணலைத் தடவிக்கொண்டு போக, கஸ்பாரின் குழிக்குள்ளிருந்து ஒரு கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் முறுக்கிவிட்டு நின்றுவிட்டது. அன்றிலிருந்து இஞ்ஞாசி உப்பளத்துக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துப் பூவரசு மரத்தடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். மேளமெல்லாம் தோணியோடு போய்விட்டது என்று கேள்விப்பட்ட ஐஸ் கம்பெனி முதலாளி, அத்தனை பாட்டில் கிழிபட்ட மனிதர், ஒரு நல்ல இரும்புப் பீப்பாயைத் தானே உருட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினார். "தோலுன்னா மழையில தொங்கிப் போயிரும். இது தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் ஒரு நாள், மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த காலையில், மழை வந்தது. தூறலாகத் தொடங்காமல் வரும்போதே கொட்டிக்கொண்டு வந்தது. ஏலக்காரன் பாதியில் நிறுத்தினான், பெண்கள் கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள், ஊர் மொத்தமும் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடியது. பிலோமி ஓடாமல், மெதுவாக, குடையில்லாமல் நடந்து வந்து தலைமாட்டில் நின்றாள். உடைமரத்துக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு இஞ்ஞாசி பீப்பாய்க்கு முன்னால் நின்றான். மணல் கறுத்தது, கறுப்பு கீழே இறங்கியது, கொஞ்ச நேரம் மழையின் சத்தத்தைத் தவிர வேறெதுவுமில்லை, பிறகு பூமிக்கடியிலிருந்து கிதார் எழுந்தது.

யாரும் கேட்டிராத பாட்டு. கஸ்பார் வழக்கமாகப் பாடுகிற வேகமில்லை. பின்னால் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது, தோணிப் பலகைகள் முனகின.

*நீந்திப் போன மாப்ளே,*
*ஒன் செருப்பு இங்க காயுது.*
*ஒத்தக் கால நான் போட்டேன்,*
*மத்த காலு நோகுது.*

இதைப் பாடிவிட்டுப் பாட்டு நின்றுபோனது. கிதாரும் இல்லை, குரலும் இல்லை. கூட்டத்தில் ஒருவர், "மிசின் கெட்டுருக்கும், அன்னைக்கு அடிச்ச காத்துக்கு" என்றார். இஞ்ஞாசியும் அப்படித்தான் நினைத்தான். பிறகு பாட்டு மறுபடி எழுந்து, நாலு வரி போய், மறுபடி அதே போல நின்றது. இந்த முறை அந்த வெறுமைக்குள் மிக மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. பலகையில் குதிகாலால் தட்டுகிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இஞ்ஞாசிக்கு டிரம் அடிக்க இடம் விட்டுவிட்டு, எப்போது முடியும் என்று கஸ்பார் எண்ணிக்கொண்டு நிற்பது அப்படித்தான். இத்தனை வருஷமும் கஸ்பாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து இஞ்ஞாசி பார்த்த அந்தக் குதிகால்.

மிசின் கெடவில்லை. ஆளில்லாத தோணியில், அந்தக் காற்றில், வராதவனுக்கு அவன் இடம் விட்டு விட்டுப் பாடியிருக்கிறான். இரண்டு இடம் வீணாகப் போய்விட்டன, இனி அவை வராது. இஞ்ஞாசி வாய்விட்டு அழுதான், அழுதுகொண்டே குச்சிகளை ஓங்கினான், மூன்றாவது இடம் வந்தபோது பீப்பாய் அதிர அடித்தான். மழையும் அடித்தது, அவனும் அடித்தான், அவன் ஓய்ந்த அதே கணத்தில் மண்ணுக்குள்ளிருந்து குரல் சரியாக வந்து சேர்ந்துகொண்டது.

*வந்து மாட்டிட்டுப் போலே,*
*இல்லாட்டி நானே வாரேன்.*

அதோடு கிதார் ஓய்ந்தது. கஸ்பார் பாட்டை முடிக்கவில்லை. முடிவை இஞ்ஞாசிக்கு விட்டிருந்தான். அந்தக் கடைசி இடம் நீண்டுகொண்டே போனது. உள்ளே குதிகால் தட்டிக்கொண்டே இருந்தது, மேலே இஞ்ஞாசி அடித்துக்கொண்டே இருந்தான். தான் நிறுத்தாதவரை பாட்டு முடியாது, பாட்டு முடியாதவரை அந்தக் கால் தட்டிக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது, அதனால் உள்ளங்கை கிழிந்து குச்சியில் ரத்தம் வழிந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. மழை மெலிந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மணலுக்கடியில் குதிகாலின் சத்தம் தேய்ந்து தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டியதாகி, அப்புறம் அதுவும் இல்லை. இஞ்ஞாசி அப்போதும் அடித்துக்கொண்டிருந்தான்.

பிலோமி கிட்டே வந்து பீப்பாயின் மேல் கையை விரித்து வைத்தாள்.

"போதும் தம்பி" என்றாள். "அவுக போவட்டும்."

குச்சிகள் அவள் விரல்களுக்கு மேலே நின்றன. பூவரசிலிருந்து தண்ணீர் சொட்டியது. கஸ்பாரின் எடைக்கு உப்பிருந்த இடத்தில் மணல் மெல்ல உள்வாங்கிப் பள்ளம் விழுவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிலோமி கையை எடுத்ததும், இஞ்ஞாசி குனிந்து, எப்போதும் அடிக்கிற அந்தக் கூடுதல் அடியை அடித்தான்.

யாரும் சிரிக்கவில்லை.